பெற்றோல் மணம் வந்தால்: பழைய கார்களின் எரிபொருள் குழாய்களைப் பார்ப்பதும் மாற்றுவதும்

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கும் கொட்டிலுக்குள் காலையில் போனால் பெற்றோல் மணக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழகிய மணம் அது. பழைய கார் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். கடந்த வருடம் கோயிலுக்குப் போகும் வழியில், பின்சீற்றில் இருந்த அக்காவின் மகன் தலை சுற்றுகிறது என்று சொல்லி வாந்தி எடுத்தான். அதன் பிறகுதான் காருக்குக் கீழே ஒரு ஆள் படுத்துப் பார்த்தது.

பின்பக்கத் தாங்கியிலிருந்து முன்னுக்கு வரும் இரும்புக் குழாய் எப்போதோ துருப்பிடித்து, இடையில் வெட்டப்பட்டு, ஒரு சாண் நீள இறப்பர் குழாயால் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. அந்த இறப்பரைச் சுற்றி சைக்கிள் ரியூப் கீலம். அதற்கு மேல் செம்புக் கம்பி முறுக்கு. எல்லாம் ஈரமாக இருந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெரியப்பா தன் கையால் போட்ட கட்டு அது. முப்பது வருடங்களுக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. வடக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒஸ்ரின் ஏ-40, ஏ-55, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களில் பலவற்றுக்கு அந்தக் காலத்தில் செய்த அவசரத் திருத்தங்கள்தான் இன்றும் நிரந்தரத் திருத்தங்கள். கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றவும், ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகவும் இந்தக் கார்கள் இன்றும் வெளிக்கிடுகின்றன. ஆகவே எரிபொருள் குழாய்களை எப்படிப் பார்ப்பது, எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்று எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணையிடம் இரண்டு நாள் கூட இருந்து கற்றதையும், இந்தக் கார்களின் கைநூல்களில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய்ப் பழக்கம்

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. வாசகர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் உயிர்ப்பிக்க முடியாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை, கண் எரிவு, அந்த மணம் எல்லாம் நினைவில் இருக்கும்.

அந்தப் பன்னிரண்டு வருடங்களும் எங்களுக்கு ஒரு பிழையான பாடத்தையும் படிப்பித்துவிட்டன. குழாய் கசிந்தால் பெரிய பயம் இல்லை, துணியைச் சுற்றிக் கட்டினால் போதும் என்ற பாடம் அது. மண்ணெண்ணெயைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருந்தது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றுவதற்கு அது 38 பாகை செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ சூடாக வேண்டும். பெற்றோலுக்கோ சுழியத்துக்குக் கீழே 40 பாகை அளவே போதும். அதாவது எங்கள் வெயிலில், எங்கள் கொட்டிலில், எந்த நேரமும் பெற்றோல் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது. ஒரு பொறி கிடைத்தால் சரி. 2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது தாங்கிகளில் எரிபொருள் மாறியது. குழாய்கள் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை.

மெக்கானிக் அண்ணை இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "மண்ணெண்ணெய் ஒழுகினா நிலத்திலை கறை தெரியும், தங்கச்சி. பெற்றோல் ஒழுகினா ஒண்டும் தெரியாது. பறந்திடும். மூக்குத்தான் சொல்லும். ஆனா உங்கடை மூக்குக்கு அது பழகிப் போச்சு."

பறந்துபோன பெற்றோல் மேலே போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். கார்க் கொட்டிலோடு குசினி ஒட்டியிருக்கும் வீடுகளில், அல்லது கொட்டிலுக்குப் பக்கத்தில் சாமி விளக்கு எரியும் வீடுகளில், காரை ஸ்ராட் செய்யாமலே விபத்து நடக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். இதே தொண்ணூறுகளில் இலங்கையின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான உடற்பகுதித் தகடுகளைச் செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஒரே தீவில் ஒரு பக்கம் அந்தக் காருக்குப் புதுத் தகடு அடித்தது, மற்றப் பக்கம் அதே கார் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இறப்பர் எப்படிச் சாகிறது

எரிபொருள் குழாய் பார்வைக்கு ஒரு கறுப்புக் குழாய்தான். ஆனால் உள்ளே எரிபொருளைத் தாங்கும் ஒரு படை, நடுவில் பலத்துக்கு நூல் பின்னல், வெளியே வெயிலையும் சூட்டையும் தாங்கும் ஒரு படை என்று இருக்கும். இறப்பரை வளையச் செய்யும் எண்ணெய்த்தன்மையான சேர்மானங்களைப் பெற்றோல் மெதுவாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். எரிபொருள் உள்ளே இருக்கும் வரை குழாய் ஊறி மிருதுவாகவே தெரியும். கார் மாதக்கணக்கில் ஓடாமல் நின்று உள்ளே காய்ந்தால் சுருங்கி, இறுகி, வெடிக்கும். அதனால் நெடுநாள் நின்ற கார்தான் ஓடும் காரைவிட ஆபத்தானது. இடம்பெயர்ந்த காலத்தில் விட்டுவிட்டுப் போன கார்களைத் திரும்பி வந்து எடுத்தவர்களுக்கும், 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் காரை மூடி வைத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

எங்களிடம் இன்னும் இரண்டு தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று வெயிலும் கடற்காற்றும். இறப்பரை வெயில் வெடிக்க வைக்கிறது, அது ஏறியிருக்கும் இரும்புக் குழாயை உப்புக் காற்று அரிக்கிறது. மற்றது, எரிபொருளுக்கு உரியதல்லாத பொருளைப் பயன்படுத்தியது. சைக்கிள் ரியூப் பெற்றோலில் ஊதி, பிசுபிசுத்து, பிய்ந்துபோகும். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாய் போட்ட அன்றைக்கு வடிவாக இருக்கும், உள்ளே பெற்றோல் ஓடுவதும் தெரியும். ஆனால் சில மாதங்களில் மஞ்சளாகி விறகுபோல இறுகிவிடும். பிறகு கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. எங்கள் காரிலும் ஒருமுறை ஒரு கராஜில் காபரேற்றருக்குப் போகும் குழாயாக அதைத்தான் போட்டுவிட்டார்கள். ஓடும்போது கழன்று எஞ்சினுக்கு மேல் பெற்றோல் விசிறியது. எரியாமல் தப்பியது அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அது ஏன் அவ்வளவு பயங்கரம் என்றால், மொறிஸ் மைனரில் காபரேற்றரும் சூடான புகைபோக்கிக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. காபரேற்றரில் சொட்டுவது நேராகச் சூட்டின் மேல்தான் விழும். எம்.ஜி. மிட்ஜெற் என்ற சின்னப் பந்தயச் சாயல் காருக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான். லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா அப்படி ஒரு காரை வாங்கி வைத்துக்கொண்டு படம் அனுப்புவார். அவருடையதில் இரண்டு காபரேற்றர்கள், அவற்றுக்கிடையில் ஒரு சின்ன இணைப்புக் குழாய், இரண்டுக்கும் கீழே புகைபோக்கி. ஒரு குழாய் கூடினால் கசிவதற்கு இரண்டு மூட்டுக்கள் கூடும்.

பிரித்தானியாவில் உள்ள வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. 2021 செப்ரெம்பரிலிருந்து அங்கே சாதாரண 95 ஒக்ரேன் பெற்றோல் ஈ10, அதாவது பத்து வீதம் வரை எதனோல் கலந்தது. எதனோல் பழைய இறப்பரை விரைவாகக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பழைய காருக்கு ஈ5 தரமான சுப்பர் பெற்றோலை அடிப்பதும், குழாய் முழுவதையும் எதனோல் தாங்கும் வகைக்கு மாற்றுவதும் நல்லது.

எங்கே, எப்படிப் பார்ப்பது

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பின், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெழுகுதிரி, லாம்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பற்றரி ரோச் லைற்றைத் தூரத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் மூக்கு. இரவு மூடியிருந்த கொட்டிலைக் காலையில் திறந்தவுடன் வரும் மணத்தைக் கவனியுங்கள். உங்களுக்குப் பழகியிருந்தால் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பின்சீற்றில் மணம் கூட என்றால் தாங்கிப் பக்கம், பொனற் திறந்ததும் மணம் என்றால் பம்ப் அல்லது காபரேற்றர் பக்கம்.

அடுத்தது விரல். குழாயை இரண்டு விரலால் அமத்திப் பாருங்கள். நல்ல குழாய் அமத்தினால் அமங்கி, விட்டால் எழும்பும். கட்டையாக இருந்தாலும் பிழை, சேறுபோலக் குழைந்தாலும் பிழை. மெல்ல வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். கிளிப்புக்குப் பக்கத்து முனையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். இறப்பர் அங்கேதான் முதலில் வெடிக்கும். துணிப் பின்னல் வெளியே தெரியும் பழைய வகைக் குழாயில் வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. பின்னலுக்குள் மறைந்திருக்கும். அந்த வகை இருந்தால், வயது தெரியாவிட்டால், பார்க்கத் தேவையில்லை. மாற்றுங்கள்.

பிறகு காகிதம். வெள்ளை ரிசு ஒன்றை ஒவ்வொரு மூட்டையும் சுற்றித் துடைத்து முகருங்கள். கறுப்பாக ஒட்டினால் இறப்பர் கரைகிறது. ஈரமாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

மொறிஸ் மைனர்க்காரருக்கு இன்னொரு வசதி உண்டு: காது. அதில் எஸ்.யூ. மின்பம்ப் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. திறப்பைப் போட்டவுடன் "ரிக் ரிக்" என்று சில தடவை அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நிற்க வேண்டும். எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் கேளுங்கள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் மூன்றில் ஒன்று: பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையில் பெற்றோல் வெளியே போகிறது, காபரேற்றரின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் காற்று உள்ளே போகிறது.

இந்தக் கடைசிக் காரணம்தான் ஆட்களை ஏமாற்றும். பம்ப் முன்னால் இருப்பதால் தாங்கியிலிருந்து வரும் நீளமான பகுதி முழுவதும் உறிஞ்சும் பகுதி. அங்கே குழாய் வெடித்தால் ஓடும்போது பெற்றோல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். சொட்டும் இல்லை, ஈரமும் இல்லை. ஆனால் ஏற்றத்தில் கார் இழுக்காது, பம்ப் படபடவென்று அடிக்கும், மெக்கானிக் காபரேற்றரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார். எங்கள் கார் இப்படித்தான் வருடக்கணக்கில் நோயாளியாக இருந்தது. தாங்கி நிறைய இருக்கும்போது மட்டத்தால் வெளியே கசியும், குறைந்த பின் ஓடும்போது காற்றை இழுக்கும். இரண்டு நோய்க்கும் அந்த ஒரு சாண் இறப்பர்தான் காரணம்.

ஏ-40 போன்ற கார்களில் எஞ்சினோடு பூட்டிய, எஞ்சினே இயக்கும் பம்ப். அங்கே சத்தம் வராது. ஆனால் அசையும் எஞ்சினையும் அசையாத சட்டகக் குழாயையும் இணைக்கும் வளையக்கூடிய குழாய் ஒன்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

உட்பக்கம் உரியும் குழாய் வெளியே பார்க்க நல்லாகவே இருக்கும். காபரேற்றர்க் கிண்ணத்துக்குள் நுண்ணிய கறுப்புத் துகள்கள் இருந்தால் அது தாங்கித் துரு அல்ல, இறப்பர். காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள், துரு ஒட்டும், இறப்பர் ஒட்டாது. அந்தத் துகள் ஊசி வால்வில் சிக்கினால் வால்வு மூடாது, காபரேற்றர் நிரம்பி வழியும். அதாவது குழாய் உள்ளே கெட்டாலும் தீ வெளியேதான் வரும்.

எதை வாங்குவது

கடையில் "பெற்றோல் ஹோஸ்" என்று கேட்டால் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். குழாயின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே30 என்ற தரக் குறியோடு ஆர்6 அல்லது ஆர்7 என்று இருந்தால் காபரேற்றர் உள்ள கார்களின் குறைந்த அழுத்தத்துக்கு உரியது. ஆர்9 என்றால் உட்படை புளோரோ இறப்பரால் ஆனது. எதனோலையும் கூடிய அழுத்தத்தையும் தாங்கும், விலை கூட. எங்கள் பெற்றோலுக்கு ஆர்7 போதும் என்று பலர் சொல்வார்கள். ஒரு மொறிஸ் மைனருக்குத் தேவைப்படும் இறப்பர் மொத்தமாகச் சில அடிதான் என்பதால் நான் ஆர்9ஐயே வாங்கினேன். அச்சே இல்லாத குழாயை வாங்க வேண்டாம். அச்சு இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது, பொய் அச்சும் சந்தையில் உண்டு. வெட்டு முகத்தைப் பாருங்கள். உட்படை தனி நிறத்தில் அல்லது தனி வளையமாகத் தெரிய வேண்டும்.

எரிபொருளைப் பீச்சும் வகையான பிற்கால ஜப்பான் கார்களுக்கு இந்தக் கட்டுரையில் உள்ளவை போதாது. எஸ்.யூ. பம்ப் தருவது சதுர அங்குலத்துக்கு ஒன்றரை முதல் மூன்று இறாத்தல் அழுத்தம்தான். அவற்றில் அது சாதாரணமாக 35 முதல் 45 இறாத்தல் வரை. எஞ்சினை நிற்பாட்டிய பிறகும் அழுத்தம் உள்ளே இருக்கும். தெரிந்தவரிடம் விடுங்கள்.

அளவு பற்றி. பழைய ஆங்கிலேயக் கார்கள் அங்குலக் கணக்கு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், பதினாறில் ஐந்து அங்குலம் என்பது 7.94. ஆகவே பின்னையதற்கு 8 மில்லிமீற்றர் குழாய் சரியாகப் பொருந்தும். கால் அங்குலத்துக்கு 6 மில்லிமீற்றரை இழுத்து ஏற்றலாம், 8ஐப் போட்டு கிளிப்பால் நெரிக்கக்கூடாது. பெரிய குழாயை நெரித்தால் ஒரு பக்கம் மடிப்பு விழும், அந்த மடிப்பால் கசியும். பழைய துண்டைக் கையில் கொண்டுபோங்கள். அதுவும் ஊதிப்போயிருக்கும் என்பதால் அதை அளக்காமல், அது ஏறும் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கிளிப்பிலும் கவனம் தேவை. பட்டி முழுக்கத் துளை வெட்டிய சாதாரண கிளிப் மெல்லிய குழாயின் தோலை அரைத்து வெட்டும். ஓரம் மழுங்கலாக மடிந்த, சின்ன ஆணியும் நட்டும் போட்ட வகை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். செம்புக் கம்பி இரண்டு இடத்தில் மட்டும் வெட்டும், மற்ற இடத்தில் பிடிக்காது.

மாற்றும் வேலை

திறந்த வெளியில் செய்ய வேண்டும், கொட்டிலுக்குள் அல்ல. பக்கத்தில் தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு வாளி காய்ந்த மணல். தண்ணீர் வேண்டாம். எரியும் பெற்றோல் தண்ணீரில் மிதந்துகொண்டு ஓடும்.

முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. காரின் உடலோடு இணைத்திருக்கும் வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்றதைக் கழற்றும்போது ஸ்பானர் உடலில் முட்டினால் பொறி பறக்கும். இன்றைய கார்களில் உடலோடு இருப்பது நெகற்றிவ் முனை. மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் பொசிற்றிவ் முனைதான் உடலோடு. யாராவது இடையில் மாற்றியும் இருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பாமல் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

தாங்கியில் எரிபொருள் குறைவாக இருக்கும் நாளில் செய்யுங்கள். எடுக்க வேண்டி வந்தால் கைப்பம்பால் எடுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. 2022இல், வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அட்டையில் தந்த காலத்தில், ஒரு வண்டியிலிருந்து மற்ற வண்டிக்கு மாற்ற எத்தனையோ பேர் அதைச் செய்தார்கள். பெற்றோல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆளைக் கொல்லும். தவறி விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்கும். எடுத்த பெற்றோலைத் தண்ணீர்ப் போத்தலிலோ திறந்த வாளியிலோ விடவேண்டாம், மூடியுள்ள பெற்றோல் கானில் விட்டு வெயில் படாத, வீட்டுக்கு வெளியேயான இடத்தில் வையுங்கள்.

பழைய குழாயை முறுக்கி இழுக்கக்கூடாது. அது ஏறியிருக்கும் பித்தளை முனை பழையது, ஈயப்பற்று வைத்ததாகவும் இருக்கலாம், முறிந்தால் பம்பே போய்விடும். பிளேட்டால் நீளவாட்டில் மெல்லக் கீறி உரித்தெடுங்கள். கழற்றியவுடன் திறந்த குழாய் வாயைச் சுத்தமான போல்ற் ஒன்றால் அடையுங்கள்.

இப்போது உலோகக் குழாயைப் பாருங்கள். இறப்பருக்குக் கீழே மறைந்திருந்த இடத்தில்தான் துரு கூட இருக்கும். மெல்லிய அரத்தாளால் தேய்க்கும்போது குழி விழுந்தால் புது இறப்பர் போட்டுப் பயனில்லை. அந்த உலோகக் குழாயையும் மாற்ற வேண்டும். முனையில் சின்ன வீக்கம்போல ஒரு வளையம் இருக்க வேண்டும். அதுதான் இறப்பரை வழுக்காமல் பிடிப்பது. வெட்டி ஒட்டுப்போட்ட குழாய்களில் அது இருக்காது. அண்ணை எங்கள் காரில் செய்தது, ஒட்டை முழுதாக நீக்கித் தாங்கியிலிருந்து முன்னுக்கு ஒரே புதுச் செப்புக் குழாய் இழுத்ததுதான். முதலில் நான் இதைக் கூடுதல் செலவு என்று நினைத்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். தேவையில்லாத மூட்டுக்கள் இல்லாமல் போயின.

புதுக் குழாயின் உள்ளே ஒரு துளி எஞ்சின் ஒயில் தடவினால் இலகுவாக ஏறும். அந்த வளையத்தைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் ஏற வேண்டும். கிளிப் வளையத்துக்குப் பின்னால், குழாயின் விளிம்பிலிருந்து சில மில்லிமீற்றர் உள்ளே. இறப்பர் பிதுங்கும் வரை இறுக்காதீர்கள். நீளம் இழுபடவும் கூடாது, தொங்கவும் கூடாது. எஞ்சின் குலுங்கும்போது அசைய இடம் வேண்டும், புகைபோக்கியை நெருங்கக்கூடாது, தகட்டுத் துளைக்குள்ளால் போனால் இறப்பர் வளையம் ஒன்று போட வேண்டும். மலிவான பிளாஸ்ரிக் பில்ற்றர் போடுவதாக இருந்தால் எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். அதை எஞ்சினுக்கு மேல் தொங்கவிடுவது எங்களூர் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நடுவழியில் தாங்கி கசிந்தால் குளிக்கும் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைக்கும் பழைய வித்தை உண்மையில் வேலை செய்கிறது. பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. ஆனால் அது வீடு வந்து சேர மட்டும்தான்.

அந்தக் கட்டு

வேலை தொடங்கின அன்று பெரியப்பா கதிரையைக் கொண்டுவந்து வேப்பமரத்துக்குக் கீழே போட்டு இருந்தார். அண்ணை பிளேட்டை எடுத்தபோது, "உதை வெட்டாமல் எடுக்கேலாதோ?" என்று கேட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்தக் காருக்குள் நடக்க ஏலாத அப்பாச்சியும், இன்னும் இரண்டு வீட்டுக் கிழவிகளும், ஒரு பச்சைக் குழந்தையும், நாங்கள் மூன்று பிள்ளைகளும் இருந்தோம். நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஆள் நடக்கும் வேகத்தில் கார் நகர்ந்தது. மழை பெய்தது. எனக்கு நினைவில் இருப்பது கண்ணாடியில் ஒட்டிய முகங்களும் மண்ணெண்ணெய் மணமும்தான். பெரியப்பாவுக்கு நினைவில் இருப்பது அந்தக் குழாய். "கட்டு அவிண்டா அம்மாவைத் தோளிலைதான் தூக்க வேணும் எண்டு நினைச்சுக்கொண்டே ஓடினன். அவிழேல்லை" என்றார்.

அண்ணை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஐயா, அண்டைக்கு உள்ளுக்கை இருந்தது மண்ணெண்ணெய். இண்டைக்குப் பெற்றோல். பின்னாலை இருக்கிறது உங்கடை பேரப்பிள்ளையள்" என்றார். பெரியப்பா தலையாட்டினார். அண்ணை இறப்பரை வெட்டாமல் எடுக்கப் பார்த்தார். கம்பியைத் தொட்டவுடன் இறப்பர் பொடியாக உதிர்ந்தது. செம்புக் கம்பி மட்டும் சுருளாகக் கையில் வந்தது. பெரியப்பா அதை வாங்கிச் சேட்டுப் பையில் வைத்தார்.

வேலை முடிந்த பின்

பற்றரியைப் பூட்டி, எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் திறப்பை மட்டும் போட வேண்டும். பம்ப் புதுக் குழாய்களை நிரப்ப முதலில் கூட நேரம் அடிக்கும், பிறகு நிற்க வேண்டும். நின்ற பின் ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த ரிசுவால் துடைத்துப் பாருங்கள். பிறகுதான் ஸ்ராட். பத்து நிமிடம் ஓடவிட்டு, நிற்பாட்டி, சூடாக இருக்கும்போதே இன்னொரு முறை பார்க்க வேண்டும். புது இறப்பர் சூட்டில் இணங்கி ஒடுங்கும், அதனால் கிளிப் கொஞ்சம் தளரும். அடுத்த நாள் காலையிலும், ஐம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகும், ஒரு வாரத்துக்குப் பிறகும் பாருங்கள். மாற்றிய திகதியைக் காரின் புத்தகத்தில் எழுதுங்கள். ஐந்து வருடத்தில், கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறப்பரைத் திரும்ப மாற்றுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் காரில் முதல் நாள் பின்னேரம் பம்ப் சில தடவை அடித்து நின்றது. அடுத்த நாள் காலை கொட்டிலைத் திறந்தபோது தும்பும் பழைய சீற்றுத் தோலும்தான் மணந்தன. ரிசுவால் துடைத்ததில் காபரேற்றர் மூட்டில் மட்டும் கொஞ்சம் ஈரம். கிளிப்பை அரைச் சுற்று இறுக்கினேன். மூன்றாம் நாள் காய்ந்திருந்தது.